வரைபடம் அநியாயத்தைக் காட்டுமா? எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது

கேள்வி இது: "கல்லூரிப் புராஜெக்டுக்காக மாவட்டவாரியாகக் குடிநீர்த் தரவை எடுத்து வரைபடத்தில் நிறம் தீட்டினேன். எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊரிலேயே ஒரு தெருவுக்குத் தண்ணீர் வருகிறது, பக்கத்துத் தெருவுக்கு வருவதில்லை. அப்படியானால் மேப்பிங் செய்து சமூக ஏற்றத்தாழ்வை உண்மையிலேயே காட்ட முடியுமா, இல்லை அது பார்க்க அழகாக இருக்கிற படம் மட்டும்தானா?"

காட்ட முடியும். கோர்ட்டில் ஜூரி முன்னால் வைத்து வழக்கை ஜெயிக்கிற அளவுக்கே காட்ட முடியும், அப்படி ஜெயித்த ஒரு வழக்கைக் கீழே சொல்கிறேன். உங்கள் படம் ஏன் பேசவில்லை என்பதற்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: மாவட்டவாரியாக. பத்துப் பதினைந்து லட்சம் பேரை ஒரே நிறத்துக்குள் அடைத்துவிட்டால், அதற்குள் இரண்டு தெருவுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் எங்கே தெரியும்? தண்ணீர் வருகிற தெருவும் வராத தெருவும் சேர்ந்து ஒரு சராசரி ஆகிவிடுகிறது, அந்தச் சராசரியில் யாருமே வாழவில்லை. நான் ஜி.ஐ.எஸ்., அதாவது கணினியில் தரவை வரைபடமாக்கும் வேலையில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். இந்த வேலையில் மென்பொருளைக் கற்றுக்கொள்வது சுலபம், தரவைத் தேடி எடுப்பது கொஞ்சம் கஷ்டம். எந்த எல்லைக்குள் எண்ணுவது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. அதில் தப்பினால் மீதி எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஃபிளின்ட் நகரம். கார் தொழிற்சாலைகள் போன பிறகு நொடித்துப்போன ஊர், பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், வறுமை அதிகம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட் நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. குழாயிலிருந்த ஈயம் கரைந்து தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் நிறம் மாறுகிறது, நாறுகிறது, தோலில் தடிப்பு வருகிறது என்று மக்கள் பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொன்னார்கள். தண்ணீர் பாதுகாப்பானதுதான் என்றே பதில் வந்தது.

அங்கே ஒரு குழந்தை மருத்துவர், மோனா ஹன்னா-அட்டிஷா, தன் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்தார். அவருடன் சேர்ந்தவர் ரிக் சாட்லர் என்ற புவியியலாளர், அதே ஃபிளின்ட்டில் பிறந்து வளர்ந்தவர். பரிசோதனைத் தரவை ஜிப் கோடு வாரியாக, அதாவது நம்ம பின்கோடு மாதிரி, பிரித்துப் பார்த்தால் மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. சாட்லருக்கு ஊர் தெரியும் என்பதால் உடனே பிடித்துவிட்டார்: ஃபிளின்ட் என்று அஞ்சல் முகவரி போட்டிருக்கிற வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஃபிளின்ட் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்த வீடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர் போகவே இல்லை. கெட்ட தண்ணீர் குடித்த குழந்தையையும் நல்ல தண்ணீர் குடித்த குழந்தையையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் கணக்கு நீர்த்துப்போகத்தானே செய்யும்.

அப்புறம் ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் தனிப்புள்ளியாக வரைபடத்தில் வைத்து, உண்மையில் நகரத் தண்ணீர் போகிற வீடுகளை மட்டும் எடுத்து மறுபடியும் எண்ணினார்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தவர்கள், தண்ணீர் மாறுவதற்கு முன்னால் 2.4 சதவீதம், மாறிய பிறகு 4.9 சதவீதம். இரண்டு மடங்கு. தண்ணீரில் ஈயம் அதிகமாக இருந்த வட்டாரங்களில் இன்னும் மோசம். 2015 செப்டம்பரில் இதைப் பத்திரிகையாளர்கள் முன் வெளியிட்டபோது மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், சில நாட்களில் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது, அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது. ஜிப் கோடு 1963ல் தபால் பட்டுவாடாவுக்காக உருவாக்கியது. குழாய் எங்கே போகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கையில் சுலபமாகக் கிடைத்தது என்பதற்காக அதை வைத்து எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிளின்ட் குழந்தைகளின் ரத்தம்தான் சாட்சி. இன்றைக்கும் பின்கோடு வாரியாக நோய்க்கணக்குப் போட்ட படத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும்.

இந்தச் சண்டை ஃபிளின்ட்டுக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1979, டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன். நார்த்வுட் மேனர் என்ற, 82 சதவீதத்துக்கு மேல் கறுப்பின மக்கள் சொந்த வீடு வாங்கிக் குடியிருந்த பகுதியில் ஒரு குப்பைக் கிடங்கு வருகிறது. அங்கிருந்து 1,700 அடி தூரத்தில் ஏர் கண்டிஷன் இல்லாத ஒரு உயர்நிலைப் பள்ளி. ஹூஸ்டன் வெயிலில் ஜன்னலைத் திறந்துதான் வகுப்பு நடத்த வேண்டும், குப்பை நாற்றம் நேராக உள்ளே வரும். மக்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய வக்கீல் லிண்டா மெக்கீவர் புல்லர்ட் தன் கணவரிடம் போய், இந்த ஊரில் குப்பை இதுவரை எங்கெங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொடு என்றார். கணவர் ராபர்ட் புல்லர்ட் சமூகவியல் பேராசிரியர். கம்ப்யூட்டர் மேப்பிங் எல்லாம் அவர் கைக்கு வராத காலம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய ஆவணங்களைத் தோண்டி, இடங்களை நேரில் போய்ப் பார்த்து, காகித வரைபடத்தில் மார்க்கர் பேனாவால் குறித்தார்.

வந்த கணக்கு இது: நகராட்சியின் குப்பைக் கிடங்குகள் 5, ஐந்துமே கறுப்பினக் குடியிருப்புகளில். குப்பை எரிக்கும் உலைகள் 8, அதில் 6 அங்கேதான். ஊரின் மக்கள் தொகையில் கறுப்பினத்தவர் நாலில் ஒரு பங்கு மட்டுமே. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வழக்கு தோற்றது. நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட், அவரே ஒரு கறுப்பினப் பெண்மணி, இந்தக் கிடங்கை இங்கே வைப்பது சரியான முடிவாக எனக்குப் படவில்லை என்ற பொருளில் தீர்ப்பிலேயே எழுதினார், ஆனாலும் தடை கொடுக்கவில்லை. வேண்டுமென்றே இன பாகுபாட்டோடு செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். பாதிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது.

இதில் இன்னொரு விஷயமும் நடந்தது, உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். கோர்ட்டின் முன் சென்சஸ் வட்டாரவாரியான, அதாவது மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக ஊரைப் பிரித்த சிறு பகுதிவாரியான கணக்கும் வந்தது. அரசு அனுமதியோடு இயங்கிய 17 குப்பை இடங்களை எடுத்து, ஒவ்வொன்றும் திறந்தபோது எந்த வட்டாரத்தில் இருந்தது என்று பார்த்தால், அந்த 17 இடங்களில் 58.8 சதவீதம், சிறுபான்மையினர் 25 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த வட்டாரங்களில் வந்தன. ஒரே ஊர், ஒரே குப்பை. புல்லர்ட் குடியிருப்பாகப் பார்த்தார், இந்தப் பட்டியல் சென்சஸ் வட்டாரமாகப் பார்த்தது. எந்தெந்த இடங்களைச் சேர்ப்பது என்பதிலும் வித்தியாசம் இருந்தது. முடிவு நேர்மாறாகப் போய்விட்டது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எல்லையை மாற்றினால் போதும்.

இதே கூத்து பெரிய அளவில் நாடு முழுக்க நடந்தது. 1982ல் வட கரோலினாவின் வாரன் கவுன்டியில் நச்சுமண் கொண்டுவந்து கொட்டியதை எதிர்த்து மக்கள் லாரிக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள், ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1987ல் ஒரு தேவாலய அமைப்பின் இனநீதி ஆணையம் நாடு முழுவதும் ஆய்வு செய்து, நச்சுக்கழிவு மையம் எங்கே இருக்கும் என்பதை வருமானத்தைவிட இனமே தெளிவாகச் சொல்கிறது என்றது. 1994ல் வேறொரு குழு சென்சஸ் வட்டாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு அப்படி எதுவும் இல்லை என்றது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கழிவுத்துறையில் இருந்த ஒரு பெரிய நிறுவனம். பணம் யார் கொடுத்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓட்டை உண்மையிலேயே அங்கே இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு காகிதத்தில் ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு ஆலை. ஆலைக்கு வலப்பக்கம் கோட்டைத் தாண்டி ஐம்பது அடியில் ஒரு குடியிருப்பு, இடப்பக்கம் அதே கட்டத்துக்குள் பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குடியிருப்பு. கட்டத்தை வைத்து எண்ணினால் ஆலையோடு வாழ்கிறவர்கள் பட்டியலில் பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் வருவார், ஐம்பது அடியில் இருப்பவர் வரமாட்டார். இப்படிப்பட்ட ஆலைகள் பெரும்பாலும் ரயில் பாதை, ஆறு, நெடுஞ்சாலை ஓரமாகத்தான் இருக்கும், சென்சஸ் எல்லைகளும் பெரும்பாலும் அதே ரயில் பாதை, ஆறு, நெடுஞ்சாலையை ஒட்டித்தான் போகும். அதனால் இது எப்போதாவது நடக்கிற தவறு கிடையாது, அடிக்கடி நடப்பது. 2007ல் பழைய 1987 ஆய்வைத் திருப்பிச் செய்தபோது எல்லையை விட்டுவிட்டுத் தூரத்தை எடுத்துக்கொண்டார்கள்: 413 நச்சுக்கழிவு மையங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் யார் வாழ்கிறார்கள்? 90 லட்சத்துக்கு மேற்பட்டோர், அவர்களில் 56 சதவீதம் வெள்ளையர் அல்லாதவர்கள். மற்ற இடங்களில் அந்த விகிதம் 30 சதவீதம். சரியான முறையில் எண்ணியதும் விஷயம் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது.

சரி, தூரம் ஒரு வழி. இன்னொரு வழி, பாகுபாடு எந்தக் கோட்டின் வழியாக நடந்ததோ அந்தக் கோட்டையே எல்லையாக எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்காக அரசாங்கமே ஒரு நிறுவனம் வைத்து 200க்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை நல்ல இடம், நீலம் பரவாயில்லை, மஞ்சள் இறங்குமுகம், சிவப்பு ஆபத்து. ஒரு பகுதியை மதிப்பிடுகிற படிவத்தில் அங்கே கறுப்பினத்தவர் எத்தனை பேர், வெளிநாட்டில் பிறந்தவர் எத்தனை பேர் என்று தனிக் கட்டங்கள் இருந்தன. கறுப்பினக் குடியிருப்பு என்றால் அநேகமாகச் சிவப்புதான். ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இந்தப் பழைய படங்களை டிஜிட்டலாக்கி 2016ல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2020ல் ஜெர்மி ஹாஃப்மனும் விவேக் சாண்டஸும் இன்னொருவரும் சேர்ந்து 108 நகரங்களில் அந்தப் படத்தின் மேல் செயற்கைக்கோள் எடுத்த தரை வெப்பத்தை வைத்துப் பார்த்தார்கள். 94 சதவீத நகரங்களில் சிவப்புப் பகுதிதான் அதிகச் சூடு, பச்சைப் பகுதியைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல். சில ஊர்களில் 7 டிகிரி வரை. மரம் இல்லை, தார் அதிகம், கான்கிரீட் அதிகம், நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போட்டார்கள். எண்பது வருஷம் முன்னால் கலர் பென்சிலால் தீட்டிய கோடு இன்றைக்குப் பாட்டிமார்கள் வெயிலில் மயங்கி விழுகிற இடத்தைச் சொல்கிறது.

ஆனால் ஒன்று, அந்தப் படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள். படம் வருவதற்கு முன்னாலேயே பாகுபாடு இருந்தது, படத்தைப் பார்க்காத வங்கிகளும் அதையேதான் செய்தன. அந்தப் படம் ஏற்கெனவே இருந்த ஒரு கோட்டைப் பதிவு செய்தது, அதன் மேல் அரசு முத்திரை குத்தியது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு லேயர் (தரவு அடுக்கு) பொருந்துவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் எதிர்த்தரப்பு உங்களை மடக்க முடியாது.

இப்போது ஜெயித்த வழக்குக்கு வருகிறேன். ஒஹாயோ மாநிலம், ஜேன்ஸ்வில் என்ற சிறு நகரம், அதை ஒட்டிக் கோல் ரன் என்ற குடியிருப்பு. பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது, கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். கிட்டத்தட்ட 50 வருஷம், நகரத்தின் குடிநீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தும் அவர்களுக்கு இணைப்பு வரவில்லை. வண்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டார்கள், கூரையில் விழும் மழைநீரைப் பிடித்தார்கள், குளிர்காலத்தில் பனியை அள்ளி உருக்கினார்கள். நடந்தது 1950களிலிருந்து 2000கள் வரை, உலகத்தின் பணக்கார நாட்டில்.

2002ல் மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார், 2003ல் கோர்ட்டில் வழக்கு. எதிர்த்தரப்பின் வாதம் உங்களுக்கு ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கும்: அவர்கள் கேட்கவே இல்லை, மேடும் பள்ளமும், தூரம், செலவு. மக்கள் தரப்புக்காக சீடர் குரோவ் என்ற சிறு அமைப்பைச் சேர்ந்த ஆலன் பார்னெலும் புவியியல் பேராசிரியர் பென் மார்ஷும் வரைபடம் தயாரித்தார்கள். சென்சஸ் வட்டாரம் கிடையாது, சராசரி கிடையாது. வீடு வீடாக. ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி, அங்கே யார் வாழ்கிறார்கள், குழாய்த் தண்ணீர் இருக்கிறதா. அதன் மேல் குடிநீர்க் குழாய் போகிற பாதை. பார்க்கிறவர் சாதாரண ஜூரி உறுப்பினர், புள்ளியியல் படித்தவர் இல்லை, ஆனால் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது, எந்த வீட்டுக்குப் போகவில்லை என்று விரலை வைத்துத் தொடர முடியும். தூரம்தான் காரணம் என்றால் அதைவிடத் தள்ளி இருக்கிற வெள்ளையர் வீட்டுக்குக் குழாய் போயிருக்கக் கூடாது, ஆனால் போயிருந்தது. 2008 ஜூலையில் ஜூரி 67 பேருக்குச் சேர்த்துக் கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்குப் போட்ட பிறகு குழாயும் வந்து சேர்ந்தது.

ஹூஸ்டனில் தோற்றதற்கும் ஜேன்ஸ்வில்லில் ஜெயித்ததற்கும் சட்டரீதியாகப் பல காரணங்கள் உண்டு, வேறு சட்டம், வேறு காலம். ஆனாலும் படம் வீட்டளவுக்கு இறங்கியதும் எதிர்த்தரப்புச் சாக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சராசரியைக் காட்டினால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கோல் ரன் சாலையில் இந்த வீட்டுக்கு உண்டு, இந்த வீட்டுக்கு இல்லை என்று காட்டினால் காரணம் சொல்ல இடம் குறைந்துவிடுகிறது.

இனி உங்கள் ஊர். நம்ம கிராமங்களில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊர், காலனி. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500, அவற்றுக்குள் குடியிருப்புகள் சுமார் 79,000. அதாவது ஒரு ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு குடியிருப்பு, அதில் ஒன்றிரண்டு காலனியாக இருக்கும். 2011 சென்சஸில் கிராம வசதிகள் பட்டியலைத் திறந்தால் குழாய் நீர் உண்டா என்ற கேள்விக்குக் கிராமம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கும். ஊர்த்தெருவில் குழாய் இருந்தால் கிராமத்தில் குழாய் இருக்கிறது. அதே சென்சஸில் பட்டியல் சாதி மக்கள் தொகையும் கிராமம் முழுவதற்கும் ஒரே எண். இந்த இரண்டையும் வைத்து நீங்கள் எவ்வளவு அழகாகப் படம் போட்டாலும் ஒரு கிராமத்தையும் இன்னொரு கிராமத்தையும்தான் ஒப்பிட முடியும், கிராமத்துக்குள் நடப்பது அந்தத் தரவில் இல்லவே இல்லை. பாகுபாடு நடப்பது முழுக்க முழுக்க அந்த இடத்தில்தான்.

வேடிக்கை என்னவென்றால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்தக் கோடு இருக்கிறது. கிராம நத்தம் (ஊரின் குடியிருப்பு நிலம்) தனி, ஆதிதிராவிடர் நத்தம் தனி என்று பல ஊர்களில் புல எண் வாரியாகவே பிரித்து எழுதியிருப்பார்கள், பழைய ஆவணங்களில் சேரி நத்தம் என்றே இருக்கும். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) வாங்கி இந்த எல்லையை முதலில் வரைந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் சிவப்புக் கோடு போட்ட படம் செய்த வேலையை இங்கே இது செய்யும். இது முழுமையாக இருக்காது, வீடுகள் பெருகி நத்தத்துக்கு வெளியே போயிருக்கும், புதிய குடியிருப்பு வந்திருக்கும், நடந்து போய்ச் சரிபார்க்க வேண்டும்.

நடந்து போவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் ஒரு ஊராட்சியில் குடிநீர்க் கணக்கு எடுக்கப் போனேன். காகிதத்தில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு இருந்தது, நேரில் போனாலும் எல்லா வீட்டு வாசலிலும் குழாய் இருந்தது. பொய் என்று எதையும் சொல்ல முடியாது. காலனியில் ஒரு அக்கா குழாயைத் திறந்து காட்டினார், காற்று வந்தது. "தம்பி, குழாய் இருக்கான்னு எழுதாதீங்க, தண்ணி எத்தனை மணிக்கு வருது, எத்தனை குடம் வருதுன்னு எழுதுங்க" என்றார். மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் இருந்தது, அங்கிருந்து ஒரே லைன், காலனி அதன் கடைசி. ஊரில் எல்லோரும் மோட்டாரைப் போட்டு இழுத்து முடித்த பிறகு மீதி அழுத்தத்தில் வருவதுதான் இங்கே. கேட் வால்வைத் தனியாகத் திறந்துவிட்டால் வரும், அதைத் திறப்பது ஒருவர் கையில். அன்றைக்கு நான் கொண்டுபோயிருந்த படிவம் முழுக்க வீண். மறுநாள் தெருக்குழாய், வீட்டுக்குழாய், வால்வு, தொட்டி எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். புள்ளியாக எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் வந்து நின்ற நேரத்தை அந்தந்தத் தெருப் பெண்களையே ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னோம். அந்தப் படத்தில் தொட்டியிலிருந்து தள்ளித் தள்ளிப் போக நிறம் மங்கிக்கொண்டே வந்து காலனியில் வெளிறிப்போனது. ஊராட்சிக் கூட்டத்தில் அதை வைத்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. காலனிக்குத் தனி லைன் போட்டார்கள், அதற்கும் ஒன்றரை வருஷம் ஆனது.

அதனால் உங்கள் புராஜெக்டை மாவட்டங்களிலிருந்து எடுத்து உங்கள் ஒரே ஊராட்சிக்குக் கொண்டுவாருங்கள். க்யூஜிஸ் (QGIS) என்பது வரைபடம் போடுவதற்கான இலவச மென்பொருள், சாதாரண லேப்டாப்பில் ஓடும். போனிலேயே புள்ளி எடுக்கலாம். எல்லா இடத்தையும் மேலோட்டமாகக் காட்டுகிற படத்தைவிட ஒரு ஊரை முழுதாகக் காட்டுகிற படத்துக்கு மதிப்பெண் குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் அதற்குப் பயன் உண்டு.

நகரத்தில் செய்கிறவர்களுக்கு வேறு சிக்கல். சென்னையை எடுத்துக்கொண்டால் 2011 சென்சஸ் நடந்தபோது மாநகராட்சிக்கு 155 வார்டு, அதே வருஷம் எல்லையை விரித்து 200 வார்டு ஆக்கிவிட்டார்கள். பழைய வார்டு எண்ணையும் புதிய வார்டு எண்ணையும் ஒட்டவைத்துப் படம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், எண் ஒன்றாக இருக்கும், இடம் வேறாக இருக்கும். 2021ல் நடக்க வேண்டிய சென்சஸும் தள்ளிப்போனதால் இந்தக் குழப்பம் நீண்டுகொண்டே போகிறது. கொடுங்கையூர்க் குப்பைமேடு, எண்ணூர், மணலி போன்ற இடங்களைப் பார்க்கிறவர்கள் வார்டை மறந்துவிட்டுத் தூரத்தை எடுங்கள். புகை வார்டு எல்லையில் நிற்காது. தூரத்தோடு காற்று அடிக்கும் திசையும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

காற்று மாசை அளக்கிற கருவிகள் நகரத்துக்குச் சில இடங்களில்தான் இருக்கும், நடுவில் இருப்பதைக் கணினி யூகித்து நிரப்பிவிடும், வழவழவென்று நிறம் மாறுகிற அந்தப் படங்களை அப்படியே நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்களில் கருவி பொருத்தித் தெருத்தெருவாகத் திரும்பத் திரும்ப ஓட்டி 2017ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பிளாக்குக்குள்ளேயே மாசு 5 முதல் 8 மடங்கு வரை மாறுவது தெரிந்தது. துறைமுக லாரிகள் போகிற மேற்கு ஓக்லாண்ட் மக்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கடைசியாக, இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். வீடு வீடாகப் படம் போடுவது கோர்ட்டில் பலம், ஆனால் இணையத்தில் போட்டால் ஆபத்து. எந்த வீட்டில் எந்தச் சாதி என்று புள்ளி வைத்த படம் தப்பான கையில் போனால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் யோசிக்கவே தேவையில்லை. ஃபிளின்ட்டிலும் ஒவ்வொரு குழந்தையின் முகவரியும் ஆய்வாளர்களிடம் இருந்தது, வெளியிட்டது வட்டாரக் கணக்கை மட்டும்தான். நீங்களும் எடுப்பது வீட்டளவில், வெளியிடுவது தெரு அளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதியைக் கேட்டு எழுத வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை, தெருவின் பெயரே போதும். வெளியிடுவதற்கு முன்னால் படத்தை அந்தத் தெருவில் இருப்பவர்களிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டுங்கள். நீங்கள் தப்பாக வைத்த குழாயை அவர்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

உங்கள் ஊரில் தண்ணீர் வருகிற தெரு, வராத தெரு என்று இரண்டைச் சொன்னீர்களே, முதலில் தொட்டியிலிருந்து அந்த இரண்டு தெருவுக்கும் லைன் எப்படிப் போகிறது, வால்வு எங்கே இருக்கிறது, அதை யார், எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்று பாருங்கள். ஒரு வாரக் கணக்கு கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், லேயர் அமைப்பதில் நான் உதவுகிறேன்.